பதினான்கு பைகளும் ஜீவராணியின் பெயரும்

2025 பெப்ரவரி 10 — பை 120, கன்று 120.
பெப்ரவரி 24 — பைக்கு 60 கிராம், மொத்தம் 7 கிலோ 200 கிராம்.
மார்ச் 10 — பைக்கு 60 கிராம், மொத்தம் 7 கிலோ 200 கிராம்.
மார்ச் 24 — பைக்கு 75 கிராம், மொத்தம் 9 கிலோ.
ஏப்ரல் 7 — பைக்கு 90 கிராம், மொத்தம் 10 கிலோ 800 கிராம்.
ஏப்ரல் 17 — கன்று 106.

இவை உரப் புத்தகத்தில் என் கையால் எழுதிய கணக்குகள். எடையில் பிழையில்லை, தேதியில் பிழையில்லை. உரத்தைப் பைகளுக்கு இட்டவர் பழனிமுத்து ஜீவராணி. குறைந்துபோன பதினான்கு கன்றுகளையும் அவர் திருடி விற்றார் என்று எங்கள் தோட்டத்தில் ஏழு மாதம் பேசினார்கள். சிலர் இன்னமும் பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜீவராணி 1969இல் டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தார். பதினேழு வயதில் கொழுந்து எடுக்க வந்தார். நான் அப்போது தோட்ட ஆபீசில் கிளாக்கர். பதினோரு ஆண்டுகள் கூடை சுமந்தபின் ஒரு மழைநாளில் சரிவில் விழுந்து அவருடைய வலது முழங்கால் கெட்டது. செங்குத்து மலை ஏற முடியாதென்று உரம் போடும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அது பெரும்பாலும் ஆண்கள் செய்யும் வேலை. அவருடைய கணவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். 2011இல் ஆறாம் நம்பர் மலையில் குளவி கொட்டி அவர் இறந்தார். எட்டாம் நாள் ஜீவராணி அதே மலைக்கு உரச்சாக்கோடு போனார். வேறு மலை தரட்டுமா என்று கேட்டதற்கு, "மலை என்னங்க பண்ணுச்சு?" என்றார்.

அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைக்கு உரம் போடுகிறவர்களுக்குத் தராசு கிடையாது. கைப்பிடிதான் அளவு. ஒருவர் கை தாராளம், ஒருவர் கை கஞ்சம், மாலையில் எல்லோர் கையும் சோர்ந்துவிடும். ஜீவராணியின் கை காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். 2003இல் ஒரு நாள் ஸ்டோர் தராசில் அவரைப் பத்துக் கைப்பிடி போடச் சொன்னேன். 604 கிராம் வந்தது. இன்னொரு பத்து: 598. அவர் தராசைப் பார்க்காமல் வெளியே மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தைந்து வயதில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த நேரத்தில்தான் மேல்கணக்கின் உச்சியில், தேயிலை கைவிடப்பட்ட அரை ஏக்கரில், புதிய பயிர் ஒன்று வந்தது. ஆயுர்வேத மருந்துக்காக அரசு அனுமதியோடு கஞ்சா வளர்க்கும் சோதனைத் திட்டம். ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருந்தது. கம்பிவேலி, பூட்டு, எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒவ்வொரு கன்றுக்கும். மாதத்துக்கு ஒரு முறை பொலிஸ் வந்து எண்ணும். கன்றுகளைத் தரையில் நடவில்லை. இரசாயனத்தில் பல காலம் ஊறிய தேயிலை மண் ஆகாது என்று, இயற்கை உரக் கலவை மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கறுப்புப் பைகளில் நிரப்பி, திறந்த வெளியில் வரிசையாக வைத்தார்கள்.

பொறுப்பதிகாரி சப்ராஸ், ஹட்டன்காரர், விவசாயம் படித்தவர், முப்பத்தொரு வயது. கன்றுகளைப் பார்க்க ஜீவராணியையும், புத்தகம் எழுத என்னையும் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது எழுபத்தெட்டு.

லயத்தில் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கேட்டாராம்: "ஏ ஜீவா, ஒங்க தோட்டத்துல காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆளுங்க லேட்டா வரமாட்டாங்களாமே, சாயந்தரம் வீட்டுக்குத்தான் போகமாட்டாங்களாமே?"

"நீ வந்து நில்லுடி. ஒன் பேச்சக் கேட்டு செடியே எந்திரிச்சு கீழ்க்கணக்குக்குப் போயிரும்" என்றாராம் இவர்.

உரம் பற்றிச் சப்ராஸ் சொன்னது ஒரே வாக்கியம். "தேவையப் பாத்து, இலையப் பாத்துக் குடுங்க ஐயா." கோழி எரு, எலும்புத்தூள், வேப்பம் புண்ணாக்கு கலந்த சாக்குகள் ஸ்டோரில் இருந்தன. அவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்.

தேவையைப் பார்த்து என்ற சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாற்பது ஆண்டுகள் நான் வைத்த உரப் புத்தகங்களில் தேதி உண்டு, மலை நம்பர் உண்டு, எடை உண்டு. தேவை என்றொரு கட்டம் இருந்ததில்லை. தேயிலைக்கு ஆண்டுக்கு நான்கு தடவை, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று வாரத்துக்கு ஒரு தடவை உரம். இந்தச் செடி தேயிலையைவிட ஆறு மடங்கு வேகமாக வளரும் என்று சப்ராஸ் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பன்னிரண்டை ஆறால் வகுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, போகப்போக அளவைக் கூட்டி, என்று அட்டவணை எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டினேன். சப்ராஸ் அதைப் பார்த்தார், நல்ல எழுத்து என்றார்.

மூன்றாம் தடவைக்கு முன்பாகவே ஜீவராணி வந்து சொன்னார். அது மார்ச் 21, வெள்ளிக்கிழமை.

"ஐயா, இந்த ரவுண்டு வேணாங்க. இலை கரும்பச்சையா இருக்கு. நுனி கீழ வளையுது, கோழி நகம் மாதிரி."

"கரும்பச்சை நல்லதுதானே?"

"தேயிலைக்கு நல்லதுங்க. இது வேற. தேயிலைன்னா வாயத் தொறந்து கேக்கும். இது வாய மூடிக்கிட்டு இருக்கு. வயிறு நெறஞ்ச பிள்ளைக்கு இன்னும் ஊட்டுற மாதிரி இருக்குங்க."

"சப்ராஸ் ஐயா வந்து அட்டவணையை மாத்தச் சொன்னா மாத்துறேன். அதுவரைக்கும் திங்கக்கிழமை திங்கக்கிழமைதான்."

"சரிங்க" என்றார். திங்கட்கிழமை எழுபத்தைந்து கிராம் போட்டார். கை ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த வாரம் சப்ராஸ் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது நான் இதைச் சொல்ல மறந்தேன்.

வேலியோரத்துக் கடைசி வரிசையில் பதினான்கு பைகள் இருந்தன. தண்ணீர்க்குழாய் அதுவரை எட்டாது. வாளியில் அள்ளி ஊற்ற வேண்டும், ஆகவே மற்றவற்றைவிடத் தண்ணீர் குறைவு. பெப்ரவரியும் மார்ச்சும் மழையில்லை. போட்ட உரமெல்லாம் அந்தப் பைகளுக்குள்ளேயே தங்கியது.

ஏப்ரல் 12 முதல் 16 வரை புத்தாண்டு விடுமுறை. சப்ராஸ் ஊருக்குப் போனார். நான் கண்டியில் மகள் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் ஊற்ற ஜீவராணி மட்டும் வந்தார். புத்தாண்டன்று காலையில் பார்த்தபோது கடைசி வரிசை பதினான்கும் கருகிச் செத்திருந்தன.

அவர் என்ன செய்தார் என்பதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. தேயிலை நாற்றுமேடையில் செத்த கன்றை ஒரு மணி நேரம் விட்டு வைக்கமாட்டார்கள். விட்டால் கங்காணி திட்டுவார், நோய் பரவும் என்பார். தண்டை அடியில் அறுத்து, தூரக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். நாற்றுமேடை மண்ணை வீசமாட்டார்கள், அடுத்த கன்றுக்கு ஆகும். பையையும் வீசமாட்டார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் பார்த்ததை ஜீவராணி செய்தார். கவ்வாத்துக் கத்தியால் பதினான்கு தண்டுகளையும் அறுத்து, வில்லைகளோடு, வேலிக்கு வெளியே ஓடைக்கரையில் இருந்த குப்பைக் குழியில் புதைத்தார். பைகளை உரித்து மடித்து அடுக்கினார். மண் கட்டிகளை, உள்ளே வேரோடு, ஸ்டோரின் பின்புறம் கூரைக்குக் கீழே வரிசையாக வைத்தார்.

அனுமதிப் பத்திரத்தின் விதி வேறு. செத்த செடியையும் இருந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் முன்னால் எடை போட்டு எரிக்க வேண்டும். ஒரு இலைகூட வேலியைத் தாண்டக் கூடாது. அந்த விதி ஆங்கிலத்தில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை.

17ஆம் தேதி பொலிஸ் எண்ணியது. நூற்றாறு. ஜீவராணி மறைக்கவில்லை. நேரே குழிக்கு அழைத்துப் போனார். குழி கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றிகள் வந்திருக்கின்றன. தோண்டியதில் ஒன்பது தண்டுகள் வில்லையோடு கிடைத்தன. ஐந்து கிடைக்கவில்லை. ஓடை வரைக்கும் தேடினார்கள்.

சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். சப்ராஸ் தமிழில் சொன்னார். "அஞ்சு எங்க அக்கா?"

"பன்னி தின்னுருக்கும்."

"பன்னி தின்னுச்சுன்னு எழுதச் சொல்லவா? சிரிப்பாங்க."

"நான் பொய் சொல்லலீங்க. சிரிச்சா சிரிக்கட்டும்."

ஜீப்பில் ஏற்றிப்போய்ப் பொலிஸ் நிலையத்தில் அவருடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். ஐந்து செடிகள் பற்றி விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுவனம் சொன்னது. நீதிமன்றத்துக்குப் போகும் என்றும் பேச்சிருந்தது.

லயத்தில் ஆறு வீட்டுச் சாவிகள் ஜீவராணியிடம் இருக்கும். மலைக்குப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்து வீட்டுக்காரர்கள், அவசரம் ஒன்றைச் சொல்லி, சாவியைத் திரும்ப வாங்கினார்கள். ஆறாவது சாவி பேச்சியம்மாவுடையது. மே முதல் வாரம் அதுவும் போயிற்று. அன்று பீலிக்கரையில் பேச்சியம்மா குரல் கொடுத்தார்: "கஞ்சாராணி வர்றாங்க, வழிவிடுங்கடி!" நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஜீவராணி குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். அதன்பிறகு எல்லோரும் மலையில் இருக்கும் பத்து மணிக்குத்தான் தண்ணீருக்குப் போனார்.

மே 7ஆம் தேதி சப்ராஸ் என்னிடம் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. திட்டம் மூடப்படும் என்று பயந்திருந்தார்.

"ஐயா, ஏப்ரல் 14ஆம் தேதி பக்கம் காலியாத்தானே இருக்கு? 'பதினான்கு செத்தது, எரித்தழிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிருங்க. நானும் சைன் வைக்கிறேன். அக்காவுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அன்று மாலை நான் ஜீவராணியின் வீட்டுக்குப் போனேன். நாற்பது ஆண்டுகளில் முதல் முறை. பேனா சட்டைப் பையில் இருந்தது. சப்ராஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் தேநீர் வைத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்.

"எரிச்சதா எழுதுனா, பொலிசுக்கு நான் குழியக் காட்டுனது பொய்யாயிரும். வேணாங்க. எழுதாதீங்க."

"வேற என்ன செய்யச் சொல்றே ஜீவராணி?"

"எல்லாரும் செடி எங்க போச்சுன்னு கேக்குறாங்க. ஏன் செத்துச்சுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலீங்க. நீங்களும் கேக்கல."

மறுநாள் காலையில் ஸ்டோருக்குப் போய்க் கலவை மண் வந்த மூட்டைகளில் ஒன்றை விரித்தேன். அதன் எடையும் தொகுதி எண்ணும் வந்த தேதியும் என் புத்தகத்தில் இருந்தன. மூட்டையில் அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. இந்த மண்ணில் எட்டு வாரத்துக்கு வேண்டிய சத்து ஏற்கனவே உண்டு, அதுவரை தண்ணீர் மட்டும் போதும் என்று அவை சொல்லின. பெப்ரவரி 10 முதல் எட்டு வாரம் ஏப்ரல் 7. நான் அட்டவணை போட்டு 34 கிலோ 200 கிராம் கொடுக்க வைத்தது எல்லாம் வேண்டாத உணவு.

மே 9, வெள்ளிக்கிழமை, அனுமதி வழங்கிய திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினேன். கன்றுகள் செத்தது அளவுக்கு மீறிய உரத்தால். உரத்தின் அளவை நிர்ணயித்தவன் நான். மார்ச் 21ஆம் தேதி ஜீவராணி நிறுத்தச் சொன்னார், நான் மறுத்தேன். அழிக்கும் விதியை அவருக்குச் சொல்லாததும் நான். புத்தகத்தின் பிரதியையும் வைத்தேன். சப்ராஸ் வாசித்துப் பார்த்தார். "உங்க பேரு போயிருமே ஐயா" என்றார். அனுப்புங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

மே 28ஆம் தேதி திணைக்களத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மண் பரிசோதனைக்காரர். உயிரோடிருந்த கன்றுகளின் பைகளில் மாதிரி எடுத்தார். பிறகு, செத்த கன்றுகளின் மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, சப்ராசுக்கும் தெரியவில்லை. ஜீவராணிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து ஸ்டோரின் பின்புறம் காட்டினார். மழை படாத கூரைக்குக் கீழே, பையின் உருவம் கெடாமல், பதினான்கு கட்டிகள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பொலிசும் தண்டைத்தான் தேடியது, மண்ணை அல்ல.

"எந்தக் கட்டி எந்த நம்பர்?" என்று அதிகாரி கேட்டார். சப்ராஸ் மொழிபெயர்த்தார்.

"இருந்த வரிசையிலதான் வச்சிருக்கேன். இந்தக் கோடி நூத்தி ஏழு, அந்தக் கோடி நூத்தி இருவது."

அதிகாரி ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்தார். பதினான்கிலும் வேர் கறுத்துச் சுருண்டு, நூல்போல ஒடிந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கருவியை வைத்தார். உப்பின் அளவு மற்றப் பைகளைப்போல மூன்று மடங்குக்கு மேல். தண்டு கிடைத்த ஒன்பதுக்கும் கிடைக்காத ஐந்துக்கும் வித்தியாசமே இல்லை. "இந்த மண்ணில் ஒரு செடியும் உயிரோடு இருந்திருக்க முடியாது. செத்துக் காய்ந்த இளங்கன்றைத் திருடி யாருக்கு என்ன பயன்?" என்று சப்ராசிடம் சொன்னார். மாதிரிகளைக் கண்டிக்குக் கொண்டுபோனார். போகும்போது, மீதி நூற்றாறுக்கும் தண்ணீர் மட்டும், நிறைய ஊற்றுங்கள் என்றார். ஜீவராணி தலையசைத்தார். ஆனால் ஊற்ற அவருக்கு அனுமதி இல்லை. வேறொருவர் ஊற்றினார். இலைகள் தெளிந்தன.

செப்டெம்பர் 2ஆம் தேதி திணைக்களத்தின் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், நிறுவனத்துக்கு. கன்றுகளின் இழப்பு உரமிடலில் ஏற்பட்ட தவறால் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது, பணியாளர் ஒருவர் மீதான விசாரணை முடிவுறுத்தப்படுகிறது, பதிவாளரை, அதாவது புத்தகம் எழுதும் என்னை, மாற்றவும். சப்ராஸ் சந்தோஷமாக அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். நானும் போனேன்.

"முடிஞ்சிருச்சு அக்கா. திங்கக்கிழமை வேலைக்கு வாங்க."

ஜீவராணி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "என் பேரு எங்க இருக்கு?"

"பேரு போடல. பணியாளர் ஒருவர்னு இருக்கு. நீங்கதான் அது."

"அது யாருன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்? பொலிஸ் ஜீப்புல ஏத்துறப்ப பேரச் சொல்லித்தான கூப்புட்டாங்க? பேரச் சொல்லித்தான் விடணும்."

"அக்கா, அதெல்லாம் அவங்க வழக்கம்..."

"எனக்கு இங்கிலீஸ் தெரியாது தம்பி. இந்த லயத்துல யாருக்கும் தெரியாது. இதக் கொண்டுபோய் எந்த வீட்டுல காட்டுறது?"

அவர் வேலைக்குப் போகவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒருவருடைய லீக்ஸ் காய்கறித் தோட்டத்தில் களை பிடுங்கப் போனார். ஆறு கிலோமீட்டர், அந்த முழங்காலோடு. செப்டெம்பர் 5ஆம் தேதி நான் மறுபடி எழுதினேன். பதிவாளராக அல்ல, பொதுமகனாக. அவருடைய முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதி, தமிழில் ஒரு கடிதம் அவர் பெயருக்கே வேண்டும் என்று கேட்டேன். ஒக்டோபரில் ஞாபகமூட்டல் இரண்டு அனுப்பினேன். ஒரு தடவை திணைக்களத்திலிருந்து தொலைபேசியில், ஏற்கனவே பதில் அனுப்பிவிட்டோமே என்றார்கள். அனுப்பியது அவருக்கு அல்ல என்றேன்.

கடைசியில் தபால்காரர் கடிதத்தைத் தோட்ட ஆபீசில் வைத்துவிட்டுப் போகாமல் லயத்துக்கே கொண்டுவந்தார், உறையில் லயத்து நம்பர் இருந்ததால். மாலை நான்கரை, எல்லோரும் மலையிலிருந்து திரும்பிப் பீலிக்கரையில் நின்ற நேரம். நான் அங்கே இல்லை. ஜீவராணி சொன்னதையும் பேச்சியம்மா சொன்னதையும் ஒப்பிட்டே இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

ஜீவராணி உறையைப் பிரிக்காமல் பீலிக்கரைக்குப் போய், எட்டாம் வகுப்புவரை படித்த பேச்சியம்மாவிடம் நீட்டினார்.

"நீயே படி. சத்தமா படி."

பேச்சியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிரித்தார். ஆறு வரிகள். 'பழனிமுத்து ஜீவராணி அவர்கள் மேற்படி ஐந்து கன்றுகளையோ வேறெந்தக் கன்றையோ திருடவில்லை, மறைக்கவுமில்லை என்பது பரிசோதனையில் உறுதியாகியுள்ளது.' அவர் முதலில் வேகமாகத் தொடங்கினார். பெயரை வாசித்ததும் குரல் இறங்கியது. குடம் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நகர்த்த யாரும் போகவில்லை.

"பேரு வர்ற எடத்த இன்னொருக்கா படி" என்றார் ஜீவராணி.

பேச்சியம்மா இன்னொரு தடவை படித்தார். அன்று 2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.